கெண்டைக்காலில் கட்டி உண்டா, இல்லையா

பந்தல்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோதுதான் விழுந்தேன். எண்பதுகளின் கடைசி. பஸ்ஸிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்து மறுகாலை எடுப்பதற்குள் டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்ததில் அவருக்கு அவசரம். எனக்கு இடது கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

எனக்குத் தையல்தான் தொழில். பாளையம்பட்டியில் ரோட்டைப் பார்த்த முன்னறையில் மிஷினைப் போட்டிருந்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், மாமியார். வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டையில் ஒரு லாரி ஆபீஸில் லோடு ஏற்றி இறக்குவதைக் கவனிக்கிற வேலை. வருஷம் பூராவும் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தாலும் எனக்கு முக்கியமான மாதங்கள் மேயும் ஜூனும்தான். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் யூனிபார்ம் முழுக்க என்னிடம்தான் வரும். அந்த வருஷம் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு துணிகளை எல்லாம் வெட்டி வைத்துவிட்டேன். கட்டைப் பிரித்ததும் உட்கார்ந்து மிதிக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. தோல் செதில் செதிலாக உரிந்தது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று மின்னியது, தொட்டால் சுட்டது. தரையில் ஊன்றினால் உள்ளே யாரோ பிழிகிற மாதிரி வலி.

"பெடலை மிதிச்சா வீங்காம என்ன செய்யும்? சொன்னாக் கேட்டாத்தான" என்றார் மாமியார்.

"அத்தை, நான் இன்னும் மிஷின் பக்கமே போகலை."

"போகாமலா இம்புட்டு வீங்கியிருக்கு?"

அவரோடு பேசி ஆகாது என்று வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட டாக்டரிடமே போனேன். வயதானவர், பொறுமையாகப் பார்ப்பார். ஒரு நாடாவால் இரண்டு கால்களையும் சுற்றளவு எடுத்தார். பாதத்தை மேல்நோக்கி மடக்கி, "வலிக்குதா?" என்றார். "வலிக்குது" என்றேன். விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"காலுக்குள்ள ஆழமா ஓடுற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா நின்னுட்டா இப்படி வீங்கும்மா. அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"எனக்கு அப்படி இருக்கா டாக்டர்?"

"இருக்கலாம். கட்டுப் போட்டுப் பிரிச்ச காலு சும்மாவும் வீங்கும். கையால தொட்டுப் பாத்துச் சொல்ற விசயம் இல்ல இது. மதுரைக்குப் போயிருங்க. அதுவரைக்கும் காலை யாரும் தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது. தேய்ச்சா கட்டி நகந்துரும்."

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது. மாமியார் அதற்குள் திருச்சுழிப் பக்கமிருந்து எண்ணெய் போட்டு உருவுகிறவரை வரவழைத்துவிட்டார். அந்த மனிதர் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் அவரிடம் டாக்டர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் ஒன்றும் வருத்தப்படாமல் எழுந்து போய்விட்டார். வருத்தப்பட்டது மாமியார்தான்.

"இருக்குன்னு சொன்னாரா அந்த டாக்டரு?"

"இருக்கலாம்னு சொன்னாகம்மா."

"இருக்கலாம்னா என்னடா அர்த்தம்? ஒண்ணு இருக்கு, இல்லாட்டி இல்ல. படிச்சவுகளுக்கு அது கூடவா தெரியாது?"

அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் அடுத்து வந்த மாதங்களில் கண்ணில் பட்ட ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிடமும் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதுரை பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போனேன். காரியாபட்டியில் கூட்டம் ஏறியதும் கண்டக்டர் வந்து, "காலுக்கும் சேத்து டிக்கெட் எடுக்கிறீகளா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், "அந்தப் பிள்ளைக்கு என்ன நோவோ, விடுய்யா" என்றார். என்ன நோவு என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே உரக்கச் சொல்லியிருப்பேன்.

மதுரையில் நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலையில் பார்த்த டாக்டர் இளைஞர். பார்த்த உடனே, "கட்டிதான். படுத்துக்கிட்டே இருக்கணும். கக்கூசுக்குக்கூட நடக்கக் கூடாது" என்று சொல்லிக் கட்டிலில் போட்டுவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல்லை வைத்து உயர்த்தினார்கள். சாயந்திரம் வந்த பெரிய டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்படித் தோணலை. கட்டுப் போட்ட காலு, அதான் வீங்கியிருக்கு" என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போகலாங்களா?" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"எந்திரிக்காதீங்க, படுங்க. தோணலைன்னுதான் சொன்னேன். இல்லைன்னு சொல்லலை. படம் எடுத்துப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் வைத்தியம்."

அந்தப் படத்துக்காகத்தான் நாள் கணக்கில் கிடந்தேன். பாத நரம்பில் ஊசி போட்டு, ஒரு மருந்தை ஏற்றி, அது காலுக்குள் ஏறிப்போகும்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதலில் அந்த மருந்து ஸ்டாக்கில் இல்லை என்றார்கள். மருந்து வந்தபோது படம் எடுக்கிறவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வந்த பிறகு மெஷினில் ஏதோ கோளாறு. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒன்றும் சாப்பிடாதே என்பார்கள். மத்தியானம் வந்து, "இன்னைக்கு இல்லம்மா, சாப்பிட்டுக்க" என்பார்கள். காய்ந்துபோன இட்லியைப் படுத்தபடியே தின்பேன்.

அதற்கிடையில் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி. அது ஏறுகிற அளவு சரிதானா என்று பார்க்க விரல் நுனியில் குத்திக்கொண்டே இருந்தார்கள். சிஸ்டர் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை இழுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அதைத் துண்டு துண்டாக உடைப்பார். உடைக்கும்போது இரண்டு துண்டுக்கு நடுவே நூல் மாதிரி ஒன்று இழுபட்டால் இரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டதாம். நானும் தலையைத் தூக்கி அந்த நூல் வருகிறதா என்று பார்ப்பேன். இத்தனை இரத்தம் எடுக்கிறார்களே, எப்படியும் விஷயம் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"இதுல தெரிஞ்சிருமாக்கா, கட்டி இருக்கா இல்லையான்னு?"

அவர் சிரித்துவிட்டார். "இது மருந்து சரியா வேலை செய்யுதான்னு பாக்குறதும்மா. கட்டிய இதுல பாக்க முடியாது."

"அப்ப கட்டி இருந்தாத் தெரியிற மாதிரி ரத்த டெஸ்ட் ஒண்ணும் கெடையாதா?"

"எனக்குத் தெரிஞ்சு இங்க கெடையாது."

சர்க்கரைக்கு இரத்தத்தில் பார்க்கிறார்கள், காமாலைக்குப் பார்க்கிறார்கள். இரத்தத்திலேயே வருகிற இந்தக் கட்டிக்கு மட்டும் இரத்தத்தில் பார்க்க வழியில்லையாம். விரல்கள் பத்தும் புள்ளி புள்ளியாகக் கன்றிப்போயிருந்தன. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஒருவழியாகப் படம் எடுத்தார்கள். பாதம் வீங்கியிருந்ததால் நரம்பு கிடைக்காமல் நாலைந்து இடத்தில் குத்தினார்கள். மருந்து ஏறும்போது கால் முழுக்கத் தீ வைத்த மாதிரி எரிந்தது. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். படம் வந்ததும் பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சின்ன டாக்டர் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஒரு ஆட்டல்.

"என்னங்க டாக்டர் தெரியுது?" என்றார் வீட்டுக்காரர்.

"மருந்து மேல சரியா ஏறலை. படம் தெளிவா இல்லை. இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாம்."

"வேண்டாம்" என்றேன். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

எனவே, இருப்பதாகவே வைத்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல மாதத்துக்கு மாத்திரை. இரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை என்பதால் அடிக்கடி மதுரைக்கு வந்து இரத்தம் பார்க்க வேண்டும். காயம் படக் கூடாது. கீரையை நினைத்தபடி தின்னக் கூடாது, மாத்திரையின் அளவு மாறிவிடுமாம்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வெட்டி வைத்திருந்த துணிகளை வீட்டுக்காரர் மூட்டையாகக் கட்டி, அருப்புக்கோட்டையில் இன்னொரு தையல்காரரிடம் கொடுத்திருந்தார். வேறு வழியில்லை, பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு போகும்? அந்தத் தையல்காரர் நல்ல மனிதர், வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தார். மறு வருஷம் பள்ளிக்கூடத்தார் நேரே அவரிடமே போய்விட்டார்கள். அதற்கடுத்த வருஷமும். ஒரு தடவை ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். "உங்களுக்குத்தான் கால்ல என்னமோ கட்டின்னு சொன்னாகளே, ஒடம்பைப் பாருங்கம்மா" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கோ நாற்காலியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

வீட்டில் முருங்கைக்கீரைச் சண்டை. கொல்லையில் நின்ற மரத்திலிருந்து மாமியார் தினமும் உருவிக்கொண்டு வந்து சூப்பு வைத்துவிடுவார்.

"நீர் வத்தும் தாயி, குடி. வீக்கத்துக்கு இதைவிட மருந்து என்ன இருக்கு?"

"கீரை ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக அத்தை."

"நோவு இருக்கான்னு சொல்லத் தெரியலை, கீரையைத் திங்காதேன்னு சொல்ல மட்டும் தெரியுதா?"

சூப்பு கொல்லையில் கொட்டப்படும். அவர் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசமாட்டார். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் லாரி ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார்.

ஐப்பசியில் தீபாவளி ஜாக்கெட்டுகள் கொஞ்சம் வந்தன. பழைய வாடிக்கைக்காரிகள் இரண்டு பேர் மனசு கேளாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். வலது காலால் மட்டும் மிதித்துத் தைத்தேன். பழக்கமில்லாத மிதி. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிட, துணியை நகர்த்தப்போன ஆட்காட்டி விரலில் ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது. தையல்காரிக்கு இது புதிதல்ல. வழக்கமாக வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு இரத்தம் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தது. கிழிந்த துணி, மஞ்சள், காப்பித்தூள் என்று மாமியார் எதையெதையோ வைத்து அமுக்கினார். மிஷின் பலகையில் இருந்த மாம்பழக் கலர் பட்டு ஜாக்கெட் பாழாகிவிட்டது. அது அடுத்த தெருவில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண்ணுடையது.

கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். விரல் வலிக்காக இல்லை. இல்லாத ஒரு நோய்க்கு மருந்து தின்று இப்படி ஆகிறேனோ என்ற ஆத்திரம். இருக்கிற நோய்க்குத்தான் மருந்து என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு எதையும் தாங்கிவிடலாம். மாமியார் என் கையைக் கீழே இறக்கவிடாமல் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார்.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்றைக்கு, மதுரைப் பெரிய டாக்டரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"அப்ப, கட்டி இருந்துச்சா டாக்டர்?"

"இருந்திருக்கலாம். இப்ப நல்லா இருக்கீங்கல்ல?"

நல்லாத்தான் இருந்தேன். பெல் அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதி. மிஷினில் மோட்டார் மாட்டிவிட்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்காரர் லாரியின் மேலிருந்து பஞ்சுப் பொதியைச் சரிபார்த்துவிட்டுக் கீழே குதித்திருக்கிறார். வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, "சுளுக்கு, வேற ஒண்ணுமில்லை" என்றார். காலைத் தேய்க்கப்போன அவர் கையைத் தட்டிவிட்டேன். மறுநாளும் வலி நிற்கவில்லை. அருப்புக்கோட்டையில் அப்போது புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"சதை பிடிச்ச மாதிரிதான் தெரியுது. ஆனா நீங்க இவ்வளவு பயப்படுறீங்க. மதுரையில இப்ப இதுக்கு ஒரு ரத்த டெஸ்ட் வந்திருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துருங்க" என்றார்.

இரத்த டெஸ்ட் என்று காதில் விழுந்தும் நான் நம்பவில்லை. பாய், போர்வை, டம்ளர், இரண்டு வாரத்துக்கு மாற்றுத்துணி என்று பெரிய பையாகக் கட்டினேன். "எதுக்குடி இம்புட்டு?" என்றார் அவர். "உங்களுக்குத் தெரியாது, பேசாம வாங்க" என்றேன்.

இந்தத் தடவை போனது வேறு ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர் முதலில் காலையே தொடவில்லை. கேள்வியாகக் கேட்டார். சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, படுக்கையில் கிடந்தீர்களா, முன்பு எப்போதாவது இப்படி வந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் வீட்டுக்காரர். பிறகுதான் டாக்டர் காலைப் பார்த்தார், நாடாவால் அளந்தார். கையில் இரத்தம் எடுத்துக் கீழே லேபுக்கு அனுப்பினார்.

வேடிக்கை பார்க்க நானும் லேப் வாசலில் போய் நின்றேன். இரத்தத்தைச் சுற்றவைத்துத் தெளியவிட்டு, மேலே நின்ற நீரில் ஒரு சொட்டைக் கறுப்பு அட்டையில் விட்டார்கள். பால் மாதிரி இருந்த ஒரு மருந்தை அதில் சேர்த்து அட்டையை மெதுவாக ஆட்டினார்கள். பால் பாலாகவே இருந்தது.

"கட்டி இருந்தா மணி மணியாத் திரியணும்மா. திரியலை. அப்ப இல்லைன்னு அர்த்தம்" என்றார் லேபில் இருந்தவர்.

நான் எதிர்க்கடையில் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுதிய ரிசல்ட் டாக்டர் மேஜைக்குப் போய்விட்டது. "கட்டி இல்லை. சதைப் பிடிப்புதான். வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவுதானா டாக்டர்?"

"இவ்வளவுதான்."

"நிச்சயமா இல்லைன்னு சொல்றீங்களா? இல்லாட்டி, இல்லாம இருக்கலாம்னு சொல்றீங்களா?"

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "இவர் காலைப் பாத்தாலே சந்தேகம் கம்மி. அதோட இந்த டெஸ்டும் இல்லைன்னு வந்துட்டா, நிம்மதியா அனுப்பலாம்மா."

எனக்குள் இத்தனை வருஷமாக இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. செங்கல் வைத்த கட்டில், விரலில் குத்தியது, எரிந்த கால், மாத்திரை, கைவிட்டுப் போன யூனிபார்ம் எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரர், "விடும்மா, அவுகளுக்கு வேலை இருக்கு" என்று தோளைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. "இந்த ஒரு சொட்டு ரத்தத்தை அன்னைக்குப் பாத்திருந்தா எனக்கு இதெல்லாம் வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உண்மையைச் சொன்னார்.

"உங்களுக்கு இது உதவியிருக்காதும்மா. ஒடம்புல எங்க ரத்தம் உறைஞ்சு கரைஞ்சாலும் இந்த டெஸ்ட் காட்டும். எலும்பு முறிஞ்சு ஆறிக்கிட்டிருந்தாலும் காட்டும், ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் காட்டும். உங்க ரத்தத்தைப் பாத்திருந்தா அநேகமா உண்டுன்னுதான் வந்திருக்கும். இது இல்லைன்னு சொன்னாத்தான் உபயோகம். உண்டுன்னு சொன்னா, மறுபடியும் படம்தான் எடுக்கணும்."

"அப்ப எனக்கு அன்னைக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டார். அவருக்கு ஒன்றுமில்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்! இருந்தது, இல்லாமலில்லை. ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கருவேலங்காட்டைப் பார்த்தபடி பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டே வந்தேன். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் தேவலை. அந்த டாக்டர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அன்றைக்கு அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். யாரைத் திட்ட?

அதற்கு இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முன் ஒரு இளம் டாக்டர் வந்து வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சர்க்கரை? இல்லை. ஆஸ்துமா? இல்லை.

"கால்ல எப்பவாவது ரத்தக்கட்டி வந்திருக்கா?"

"தெரியாது."

அவர் பேனாவை நிறுத்தினார். "அதெப்படிம்மா தெரியாம இருக்கும்? வந்துச்சா, வரலையா?"

நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பந்தல்குடி பஸ்ஸைத் தாண்டுவதற்குள் அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வயிற்றில் ஊசி போட்டார்கள், இரத்தம் கட்டாமல் இருக்க. வயிறெல்லாம் நீலம் பாய்ந்தது. புண் ஆறி வீட்டுக்கு வந்து, கார்த்திகையில் மறுபடியும் தைக்க உட்கார்ந்துவிட்டேன்.